ட்ரையல் ரூம்ல முட்டி போட்டுப் பாருங்க

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி அடுத்த மாசம் சின்னப் பசங்களுக்கு டீச்சரா சேரப் போறா. "அக்கா, வேலைக்குப் போட என்ன டிரெஸ் வாங்கட்டும், கையில காசு கம்மி, ஆனா பாக்கறவங்க மதிக்கற மாதிரியும் இருக்கணும்"னு கேட்டா. போன்ல ஒரு மணி நேரம் பேசிட்டேன், பேசி முடிச்சப்புறம்தான் இதையெல்லாம் நான் சேர்ந்த புதுசுல யாராவது எனக்குச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு, அதான் எழுதி வைக்கறேன்.

வேலை கிடைச்ச உடனே நாம எல்லாரும் பண்ற தப்பு, ஆபீஸ் போறவங்க மாதிரி டிரெஸ் வாங்கறது. நானும் அதத்தான் பண்ணேன். நல்லா ஃபிட்டான பேண்ட், வழவழன்னு ஒரு க்ரீம் கலர் டாப்ஸ். கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தப்ப அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம வேலையில நிக்கறது கம்மிங்க. குனியறோம், குத்த வெச்சு உக்கார்றோம், தரையில சம்மணம் போடறோம், அலமாரிக்கு மேல இருக்கற டப்பாவ எட்டி எடுக்கறோம், திடீர்னு ஒரு பையன் வெளிய ஓடினா பின்னாடியே ஓடறோம். முதல் வாரத்துல ஷூ லேஸ் கட்டி விட முட்டி போட்டு உக்காந்தேன், பேண்ட் பின்னாடி தையல் விட்டுருச்சு, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு ஸ்வெட்டர இடுப்புல கட்டிக்கிட்டு சுவரோரமாவே நடந்தேன்.

அதனால இப்ப ட்ரையல் ரூம்ல நான் கண்ணாடிய அப்புறம்தான் பாப்பேன். முதல்ல முட்டி போடுவேன். அப்புறம் குத்த வெச்சு உக்காருவேன், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குவேன், முன்னாடி குனிஞ்சு கழுத்துப் பக்கம் எவ்வளவு இறங்குதுன்னு பாப்பேன், கடைசியா தரையில உக்காந்து கைய ஊனாம எந்திரிப்பேன். இதுல எங்கயாவது இழுத்துப் பிடிச்சாலோ, முதுகுக்குக் கீழ தெரிஞ்சாலோ, டாப்ஸ் மேல ஏறினாலோ அத எடுக்க மாட்டேன், எவ்வளவு ஆஃபர்ல இருந்தாலும் சரி. ஆன்லைன்ல வாங்கினா வீட்டுக்கு வந்ததும் டேக்கப் பிய்க்கறதுக்கு முன்னாடி இதே மாதிரி பண்ணிப் பாருங்க. துணி மெலிசா இருக்கான்னு தெரிய உள்ள கைய விட்டு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, விரல் தெளிவா தெரிஞ்சா வெயில்ல கிரவுண்டுல நிக்கும்போது எல்லாமே தெரியும்.

துணி விஷயத்துல கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், காசு மிச்சமாகறதே இங்கதான். முழு காட்டன் காத்தோட்டமா இருக்கும், வேர்வைய உறிஞ்சும், ஆனா முதல் வாஷ்ல சுருங்கும், தினமும் அயர்ன் கேக்கும். முழு பாலியஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும், ஆனா வேர்வை நாத்தம் அதுல தங்கிடும், ஓடி ஆடற வேலைக்கு மத்தியானத்துலயே கசகசன்னு ஆயிடும். ரெண்டும் கலந்தது, அதுலயும் காட்டன் பங்கு பாதிக்கு மேல இருக்கறது, எனக்கு ரொம்ப வசதி. பேண்டுக்கு லேபிள்ல எலாஸ்டேன் இல்லேன்னா ஸ்பான்டெக்ஸ்னு (ரெண்டும் ஒண்ணுதான், ரப்பர் மாதிரி இழுபடற நூல்) 2 சதவீதத்துல இருந்து 5 சதவீதம் வரைக்கும் போட்டிருந்தா உக்காந்து எந்திரிக்க சுகமா இருக்கும். ரேயான் மெத்துன்னு இருக்கும்தான், ஆனா நனைஞ்சா அதோட வலு குறைஞ்சுடும், ஈரமா இருக்கும்போது அழுத்தித் தேச்சா பாழாயிடும், நமக்கோ தினம் ஏதாவது ஒரு கறைய தேச்சே ஆகணும். உள்பக்க லேபிள்ல தண்ணித் தொட்டி படத்துல பெருக்கல் குறி போட்டிருந்தா அத தண்ணியில துவைக்கக் கூடாதுன்னு அர்த்தம், அப்படி ஒரு துணிய சின்னப் பசங்க நடுவுல போடறதுக்காக வாங்கவே வாங்காதீங்க.

கறை எங்க படும்னு யோசிச்சிருக்கீங்களா? நாலு வயசுப் பிள்ளை சுமாரா ஒரு மீட்டர் உயரம் இருக்கும். அதாவது அதோட முகம் சரியா நம்ம இடுப்புக்கும் தொடைக்கும் நடுவுல வரும். காலைல ஓடி வந்து காலக் கட்டிப் பிடிக்கும்போது மூக்கு தொடைக்கறதும் அங்கதான், பெயிண்ட் கையோட "மிஸ் இங்க பாருங்க"ன்னு இழுக்கறதும் அங்கதான். அதனால கீழ போடறது நடுத்தரமான கலரா இருக்கட்டும், சாம்பல், அடர் நீலம், பாசிப் பச்சை, ப்ரவுன் இந்த மாதிரி. கருப்பு எல்லாத்தையும் மறைக்கும்னு நெனைக்காதீங்க, சாக்பீஸ் தூளும் காஞ்ச சளியும் கருப்புலதான் பளிச்னு தெரியும். மேல போடறது பொடிப் பொடியா ப்ரிண்ட் போட்டதா இருந்தா சின்னக் கறையெல்லாம் அதுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும்.

ப்ரிண்ட்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது. என்கிட்ட கைப்பக்கம் சின்னச் சின்ன நீலப் பூ எம்ப்ராய்டரி போட்ட ஒரு டாப்ஸ் இருந்துச்சு. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, அம்மாவ விட்டுப் பிரிஞ்ச அழுகை, ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. மூணாவது நாள் என் மடியில உக்காந்து அந்தப் பூவ ஒண்ணொண்ணா விரலால தடவிக்கிட்டே இருந்தா, தடவத் தடவ விசும்பல் நின்னுச்சு, அப்புறம் மெதுவா "இதுல ஒண்ணுக்கு இலையே இல்ல"ன்னு சொன்னா. அவ க்ளாஸ்ல பேசின முதல் வார்த்தை அதுதான். அவ சொன்னப்புறம் பாத்தேன், நிஜமாவே ஒரு பூவுக்கு இலை இல்ல. நாம போடறத பசங்க எவ்வளவு கிட்டத்துல இருந்து பாக்கறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதனால ப்ராக்டிக்கலா இருக்கணும்கறதுக்காக டல்லா இருக்கணும்னு இல்ல, கலர், பூ, பறவை எது வேணா இருக்கட்டும்.

பாக்கெட் இல்லாத பேண்ட் எனக்கு வேண்டவே வேண்டாம். டிஷ்யூ, மார்க்கர், யாரோ கழட்டிக் குடுத்த ஹேர் க்ளிப், சண்டைக்குக் காரணமான ரப்பர், எல்லாம் அங்கதான் போகணும். தொங்கற கம்மலும் நீள செயினும் வேண்டாம், ஒரு இழு இழுத்தா காது போயிடும். ஐடி கார்டு கயிறு போட்டே ஆகணும்னா, இழுத்தா கழுத்துக்குப் பின்னாடி தானா கழண்டுக்கற மாதிரி கிளிப் வெச்சது கேட்டு வாங்குங்க. கூரான மோதிரம் பசங்க கன்னத்துல கீறும். சென்ட் லேசாக்கூட வேண்டாம்ங்கறது என் அபிப்ராயம், மூச்சுத் தொந்தரவு இருக்கற பிள்ளைங்களுக்கு அது சேராது.

பட்ஜெட் எப்படிப் பிரிக்கறதுன்னு அந்தத் தங்கச்சி கேட்டா. முதல் காசு ஷூவுக்கு. நாள் முழுக்க நம்மள தாங்கறது அதுதான், முன்பக்கம் மூடினது, வழுக்காத ரப்பர் அடி, சட்டுனு மாட்டற மாதிரி இருக்கட்டும். ஹீல்ஸ் வேண்டாம், பின்னாடி ஒரு குட்டி விரல் இருந்தா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாருங்க. ரெண்டாவது காசு பேண்டுக்கு, ஏன்னா அதிகமா தேயறது அதுதான், முட்டியும் உள் தொடையும் முதல்ல போகும். டாப்ஸுக்கு கம்மியா செலவு பண்ணலாம், அடிக்கடி மாத்தறது அது. மூணு பேண்ட், அதுல எதோட வேணா சேர்ற மாதிரி அஞ்சு டாப்ஸ், மொத்தம் 15 ஜோடி ஆச்சு, ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம். மேல ஒரு கார்டிகன் (முன்பக்கம் திறந்து மூடற ஸ்வெட்டர்) இல்லேன்னா காலர் வெச்ச ஒரு சட்டை இருந்தா பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கும் அதே டிரெஸ் போதும். ஆம்பள டீச்சர்ஸுக்கும் இதே கணக்குதான், கை மடிச்சு விட்டா நழுவாம நிக்கற சட்டை, இழுபடற துணியில பேண்ட். ஒரே டிரெஸ்ஸ வாரத்துல ரெண்டு தடவ போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பசங்களுக்கு அது பழகின முகம் மாதிரி பிடிச்சிருக்கும். புது அடர் கலர் துணிய வாங்கினதும் ஈர வெள்ளைத் துணியால ஒரு ஓரத்துல தேச்சுப் பாருங்க, சாயம் ஒட்டினா தனியா துவைங்க.

கறை எடுக்கறது தெரிஞ்சா டிரெஸ்ஸோட ஆயுசு ரெண்டு மடங்கு ஆகும். ரத்தம், வாந்தி ரெண்டுக்கும் பச்சத் தண்ணிதான், சுடுதண்ணி ஊத்தினா கறை துணியோட இறுகிடும். பால்பாயின்ட் இங்க்குக்கு அடியில ஒரு பழைய துணிய வெச்சு மேல சானிடைசரால ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, முதல்ல உள் மடிப்புல ஒரு சொட்டு வெச்சு துணி தாங்குதான்னு பாத்துக்கங்க. களிமண்ணு மாதிரி கலர் கலரா விளையாடறோமே, அந்த எண்ணெய் க்ளே ஒட்டினா சூடா இருக்கும்போது சுரண்டாதீங்க, இன்னும் பரவும், ஃப்ரீசர்ல அர மணி நேரம் வெச்சுட்டு சுரண்டினா உதிர்ந்து வந்துடும், மிச்சம் இருக்கற எண்ணெய்க்கு பாத்திரம் கழுவற லிக்விட். எந்தக் கறையா இருந்தாலும் முழுசா போற வரைக்கும் அயர்ன் வைக்கவே கூடாது.

அப்புறம் பள்ளியில ஒரு பையில ஒரு செட் மாத்து டிரெஸ் வெச்சுடுங்க, உள்ளாடை, சாக்ஸோட சேத்து. ரொம்ப பழசாகி வெளிய போட முடியாத சட்டைய தூக்கிப் போடாதீங்க, கைய பாதிக்கு வெட்டி, பட்டன் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி பசங்களுக்கு மாட்டி விட்டா பெயிண்ட் நேரத்துக்கு அருமையான ஏப்ரன், என் க்ளாஸ்ல இப்ப அந்த மாதிரி ஏழு சட்டை தொங்குது, யாருக்கு எதுன்னு தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.