படியேறும்போது பேச்சு ஏன் நின்றுவிடுகிறது?

மொரீசியசில் தைப்பூசத்தன்று காத்ர் போர்னுக்கு மேலுள்ள கோர் தெ கார்ட் மலைக்கோவிலுக்குக் காவடிகள் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், ஓர் உடம்பு ஒரே நேரத்தில் இத்தனை வேலைகளை எப்படிச் செய்கிறது என்ற வியப்பு எனக்கு அடங்குவதே இல்லை. தோளில் காவடி, அதில் கட்டிய பால் செம்புகள், வெறுங்காலின் கீழ் வெயிலேறிய படிகள், அலகு குத்தாதவர் வாயில் அரோகரா என எல்லாம் ஒன்றாக நடக்கின்றன; ஒன்று மற்றொன்றை இடறுவதில்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் மனம் தனித்தனியே கவனம் செலுத்துவதில்லை. அடியெடுத்து வைக்கும் தாளத்தில் பெரும்பங்கை முதுகுத்தண்டின் நரம்புச் சுற்றுகள் ஏற்கின்றன, அசைவின் பிழைகளைச் சிறுமூளை திருத்துகிறது, மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்கள் வேண்டாத அசைவுகளை அடக்கி வேண்டியவற்றுக்கு வழிவிடுகின்றன. இவற்றில் என்னை மிகவும் கவர்வது முன்னேற்பாடு. நின்றபடி ஒரு கையைச் சட்டென்று முன்னே உயர்த்தினால் உடம்பு தடுமாற வேண்டும், ஆனால் தடுமாறுவதில்லை. தோள் தசை இயங்குவதற்கு முன்பே தொடையின் பின்புறத் தசை இறுகிவிடுவதைச் சோவியத் ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்டார்கள். கை உயரப்போகும் செய்தி காலுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது! சாயும் காவடியை நிமிர்த்தக் கை எழும்போதும் இதே ஏற்பாடுதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

கவனம் மட்டும் அளவோடுதான் கிடைக்கிறது. படி வழுக்கினாலோ வயது ஏறினாலோ, நடையே கவனத்தைக் கேட்கத் தொடங்குகிறது. 1997இல் சுவீடனில் முதியோர் 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் 12 பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் 10 பேர் ஆறு மாதங்களுக்குள் விழுந்தார்கள். இதைப் படிப்பவர்கள் நிற்பதையே குற்றமாக எண்ணிவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன். நடை தளர்ந்திருப்பதற்கு அது அடையாளம், உண்மைதான். ஆனால் காலை முதலில் காத்துப் பேச்சைப் பின்னுக்குத் தள்ளும் மனம் சரியான முடிவையே எடுக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகள் பலரிடம் இந்த வரிசை குலைகிறது. பேச்சையும் நடையையும் சேர்த்தே நடத்த முயன்று, கால் நிலையைக் கோட்டை விடுகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியம்மா மலையேறும்போது நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. நிழலுள்ள இடத்தில் அவர் நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் பேச்சுக் கொடுக்கிறோம். அவரும் அங்கேயே அடுத்த வீட்டுக் கல்யாணச் செய்தி வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்கிறார்.