சுவருக்குள் கசியும் பைப்: தேடிப் பிடிப்பதும் மாற்றுவதும்

குளியலறையின் பின்சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து, உப்புப் பூத்திருக்கும். உடனே ஆள் வைத்துக் கொத்திப் பார்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. தப்பான இடத்தைக் கொத்தினால் டைல்ஸும் போய், கசிவும் அப்படியே இருக்கும். உளியை எடுக்கும் முன் இரண்டு நாள் கவனிப்பு வேண்டும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் ஈரம் கூடினால் தொட்டிக்கு ஏறும் லைனில் கோளாறு. குளித்த பிறகு கூடினால் தரை டிராப்போ (குளித்த தண்ணீர் வடியும் தரைக் கிண்ணம்) டைல்ஸ் இடுக்கோ காரணம். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து டிராப்பில் ஊற்றலாம். கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுவது நீலமாக மாறினால் சந்தேகமே இல்லை. மாறாவிட்டாலும் டிராப்பை முழுசாக நம்பிவிட முடியாது, கான்கிரீட் நிறத்தை வடிகட்டிவிடும்.

எந்நேரமும் ஒரே மாதிரி ஈரம் என்றால் தொட்டியிலிருந்து இறங்கும் லைன்தான். அதற்கு ராத்திரிச் சோதனை இருக்கிறது. எல்லாக் குழாயையும் மூடி, ஃபிளஷ் டேங்குக்குப் போகும் வால்வையும் மூடி (சத்தமில்லாமல் கழிப்பறைக்குள் ஒழுகி ஆளை ஏமாற்றுவது அதுதான்), மாடித் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பாருங்கள். 1 மீட்டர் குறுக்களவுள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கியிருந்தால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் ராத்திரி அந்தக் குளியலறை லைனின் வால்வை மட்டும் மூடிவிட்டு இதையே செய்தால், இறக்கம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் பழைய கேட் வால்வ் (சக்கரப் பிடியைச் சுற்றி மூடுவது) முழுசாக அடைக்காது. மூடிய பிறகு கீழே ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் வற்றுகிறதா என்று பார்த்துவிட்டே சோதனையைத் தொடங்க வேண்டும்.

கொத்தும் முன் அந்தச் சுவரில் இருக்கும் கீசர், சுவிட்சுகளின் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்கிவிடுங்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாய்க்குப் பின்னால் இருக்கும் எல்போ, அதாவது பைப் திரும்பும் முழங்கை. புதுக் குழாய் மாட்டும்போது ஸ்பேனரால் ஓங்கி முறுக்கியதில், மரை உள்ள எல்போ மயிரிழை விட்டிருக்கும். அடுத்தது, கண்ணாடி மாட்ட டிரில் போட்ட இடம்.

கடினமான கட்டம் இனிமேல்தான். சிமென்ட்டுக்குள் இறுகிய பைப் அசையாது. வெட்டின இடத்தில் புதுத் துண்டை வைத்து இரண்டு பக்கமும் கப்ளிங்கை (இரண்டு பைப் முனைகளை இணைக்கும் குட்டிக் குழல்) நுழைக்க, பைப் கொஞ்சம் வளைந்து கொடுத்தாக வேண்டும். அதனால் விரிசலுக்கு இரு பக்கமும் ஒன்றரை அடியாவது காடியை (பைப் புதைந்திருக்கும் சுவர்ப் பள்ளம்) திறந்து, பைப்பைச் சுவரிலிருந்து விடுவிக்க வேண்டும். டைல்ஸ் போகிறதே என்று சின்ன ஓட்டைக்குள் வேலையை முடிக்கப் பார்த்தால், ஒரு பக்கம் அரைகுறையாகத்தான் நுழையும். சில மாதத்தில் அங்கேயே மறுபடி ஒழுகும். இடமே இல்லாவிட்டால் நான்கு எல்போ வைத்துப் பாலம் போட்டுச் சுற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) மட்டும் வேண்டாம், அதன் வாஷர் தளர்ந்தால் மறுபடி உளிதான்.

விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக ஓடும். இரு பக்கமும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்கணும், பிசிறை வழித்துவிடணும், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைக்கணும். கப்ளிங் எவ்வளவு ஆழம் போகிறது என்று பென்சிலால் குறித்து, பழைய முனைகளில் கப்ளிங்கை மாட்டி, இரண்டு கப்ளிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியோடு இரண்டு ஆழத்தையும் சேர்த்தே புதுத் துண்டை அளக்கவும். ஒட்டும் பசையான சொல்யூஷன் பைப்புக்குத் தகுந்ததாக இருக்கணும்: சிபிவிசிக்கு (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) சிபிவிசி சொல்யூஷன், யுபிவிசிக்கு (குளிர்ந்த தண்ணீருக்கான பிளாஸ்டிக் பைப்) அதற்குரியது. டின்னில் ஜெல்லி போலக் கெட்டியாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பைப்பிலும் கப்ளிங்குக்குள்ளும் பூசி, கால் சுற்று திருகி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடிக்கணும். இல்லாவிட்டால் தானாகப் பின்னால் நகரும். வால்வ் கசிந்து சொட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டாது. ரொட்டியை உருட்டி பைப்புக்குள் அடைத்துவிட்டு ஒட்டலாம், பிறகு கரைந்து குழாய் வழியே வந்துவிடும். ஷவரையும் குழாய் முனை வலையையும் அதற்கு முன் கழற்றி வைக்க மறக்கக்கூடாது.

ஆள் வரும்வரை சமாளிக்க, வெளியே தெரியும் பைப்பில் சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டினால் போதும். தொட்டி மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். ஒரு மாடி வீட்டில் அதற்கும் குறைவு. பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் இந்தக் கட்டு நிற்காது.

பழைய ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) ஓர் இடம் துருவேறி ஓட்டையானால் ஒட்டுப்போட வேண்டாம். மீதியும் அதே கதியில்தான் இருக்கும், லைனையே மாற்றுவது மேல். மொட்டை மாடியில் வெயில் படும் யுபிவிசி பைப் நொறுங்கிப்போகாமல் இருக்க வெள்ளை எமல்ஷன் அடித்தால் நெடுநாள் வரும். வால்வுகளை மூன்று மாதத்துக்கொரு முறை மூடித் திறக்கவும்; புதிதாகப் போட்டால் கால் சுற்றில் மூடும் பால் வால்வாகவே போடுங்கள்.

ஒட்டிய பிறகு ஒரு ராத்திரி காயவிட்டு, தொட்டியை நிரப்பி இன்னொரு ராத்திரி காடியைத் திறந்தே வைத்திருங்கள். ஜாயிண்ட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பூசும் முன், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி அளவு டேப்பை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடைசியில், சுவர் உள்ளுக்குள் காய வாரக்கணக்காகும்.