காரைக்குடியில் தோல் வளர்த்த அனுபவம்

உயிருள்ள செல் கலந்த கூழை அடுக்கடுக்காகப் பிழிந்து உருவம் கட்டும் பயோபிரின்டரில் மனிதத் தோலை அச்சடிக்கும் ஆய்வை முனைவர் பட்டத்துக்காகக் காரைக்குடியில் இருந்தபடியே செய்து முடித்தேன். இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் எம்.எஸ்சி. மாணவர்கள் எப்படி இருந்தது, என்னென்ன தேவைப்பட்டது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. அச்சடிப்பதுதான் இந்த வேலையிலேயே சீக்கிரம் முடிகிற பகுதி. 2017இல் மாட்ரிட் நகரில் ஒரு குழு 100 சதுர சென்டிமீட்டர் தோலை 35 நிமிடத்துக்குள் அச்சடித்துக் காட்டியது. அதிலும் 30 நிமிடம் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை) உறைவதற்குப் போன நேரம். அதற்கு முன்னால் செல்களைப் பெருக்கவும், பின்னால் அச்சடித்ததைத் தோலாக முதிரவைக்கவும் வாரக்கணக்கில் ஆகும். எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்த வாரங்கள்தான்.

இதெல்லாம் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். தீக்காயம் ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் தோல் தானாக முளைக்காது. உடம்பில் வேறு இடத்திலிருந்து தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டவைக்கிறார்கள். உடம்பில் பாதிக்கு மேல் வெந்து போனவருக்கு எடுக்க நல்ல தோல் எங்கே இருக்கும்? பட்டாசு ஆலைகள் இருக்கும் சிவகாசி எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். சமையலறை விபத்துகள் எல்லா ஊரிலும் உண்டு. சர்க்கரை நோயால் ஆறாத கால் புண்கள் தனி. 1975இல் ரைன்வால்ட், கிரீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மேல்தோல் செல்களை ஆய்வகத்தில் பெருக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1983இல் அமெரிக்காவில் உடம்பு ஏறக்குறைய முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு அப்படி வளர்த்த மேல்தோலைப் போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனால் அது மேல்தோல் மட்டும். அடியில் தாங்கும் உள்தோல் இல்லாததால் எளிதில் கொப்பளிக்கும், பிய்ந்து போகும். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கட்ட முடியுமா என்பதுதான் பிரின்டரை வைத்து நாங்கள் பார்த்தது.

செல் வேண்டுமென்றால் தோல் வேண்டும். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சிறுவர்களுக்கு முன்தோல் நீக்க அறுவை செய்யும்போது கழிவாகப் போகும் தோலைப் பெற்றுக்கொண்டோம். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். முதலில் இருந்த சம்மதப் படிவத்தின் தமிழ் யாருக்கும் புரிகிற மாதிரி இல்லை. நான் உட்கார்ந்து மாற்றி எழுதினேன், குழுவும் ஏற்றுக்கொண்டது. ஒரு அம்மா படிவத்தை முழுசாகப் படித்துவிட்டு, "தம்பி, வெட்டி எடுத்த பெறகும் அதுக்கு உசுரு இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும்மா, குளிர்ச்சியா வச்சு ஒரு நாளைக்குள்ள கொண்டு போயிட்டா இருக்கும்" என்றேன். "அப்ப யாருக்காச்சும் உதவட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். இந்த வேலையில் நான் மறக்காத இடம் அது.

மதுரையிலிருந்து காரைக்குடிக்கு மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பஸ்ஸில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மீடியம் என்ற ஊட்டத் திரவம் நிரப்பிய குப்பியில் தோல், குப்பியைச் சுற்றித் துணி, அப்புறம் ஐஸ். ஐஸ் நேராகக் குப்பியில் படக் கூடாது, பட்டால் செல் உறைந்து செத்துவிடலாம். ஜன்னல் ஓரம் வெயில் அடிக்காத பக்கமாகப் பார்த்து உட்காருவேன், பெட்டி மடியிலேயே இருக்கும்.

வந்த உடனே கழுவி, டிஸ்பேஸ் என்ற நொதியில் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவைக்க வேண்டும். காலையில் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால், மேல்தோல் மெல்லிய பால்நிறச் சவ்வாகத் தனியே உரிந்து வரும். கிழியாமல் முழுசாக வந்தால் அன்றைக்கு நல்ல நாள். மேல்தோலை ட்ரிப்சின் என்ற நொதியில் போட்டால் மேல்தோலைக் கட்டும் கெரட்டினோசைட் செல்கள் கிடைக்கும். உள்தோலைக் கொலாஜனேஸ் என்ற இன்னொரு நொதியில் கரைத்தால் உள்தோலின் இழைகளை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கிடைக்கும்.

ஃபைப்ரோபிளாஸ்ட் தொந்தரவு தராது, கிடைத்த இடத்தில் பரவிக்கொள்ளும். கெரட்டினோசைட்டுக்குத்தான் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். மீடியத்தில் கால்சியம் கூடினால் பெருகுவதை நிறுத்திவிட்டு முதிரத் தொடங்கிவிடும். தட்டில் இடம் நெருக்கமானாலும் அதே கதை, முதிர்ந்தது திரும்பப் பெருகாது. அதனால் தட்டு முக்கால்வாசி நிறைவதற்குள் பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்றிவிட வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை இரவில் வந்தாலும் அப்போதே செய்தாக வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகாமல் தட்டு மாற்றியிருக்கிறேன், அதில் வருத்தமில்லை.

ஆடி மாதம் பொல்லாத மாதம். காற்று செம்மண் தூசியை வாரி வரும், பூஞ்சை எப்படியோ உள்ளே நுழைந்துவிடும். வாசலுக்கு இரட்டைக் கதவு வைத்து, செருப்பை வெளியிலேயே விட்டு, செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் தண்ணீரை அடிக்கடி மாற்றிய பிறகுதான் குறைந்தது. ஒவ்வொரு தலைமுறைச் செல்லிலும் ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்ததால் ஆய்வு நிற்கவில்லை.

இனி பயோஇங்க், அதாவது செல்லைக் கலந்து அச்சடிக்கும் கூழ். நாங்கள் எடுத்துக்கொண்டது ஜெலட்டின், ஆல்ஜினேட், ஃபைப்ரினோஜன் (ஃபைப்ரினாக மாறும் ரத்தப் புரதம்) மூன்றும் கலந்தது. ஆல்ஜினேட் பழுப்புநிறக் கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவில் விளையும் சர்காசம் பாசியிலும் அது உண்டு. கால்சியம் பட்டதும் இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் செல் அதில் கால் ஊன்றாது. ஊன்றுவதற்குத்தான் ஜெலட்டினும் ஃபைப்ரினும்.

நான் குடியிருந்த வீட்டு ஆச்சிக்கு இதை விளக்கச் சிரமப்படவே இல்லை. "ஊசிக் குழாய்ல செல் கலந்த கூழை நிரப்பி, காத்தழுத்தத்தால கோடு கோடா பிழியணும் ஆச்சி" என்றதும், "தேங்குழல் மாதிரின்னு சொல்லு. மாவு இளகுனா அறுந்து விழும், இறுகுனா கை நோகும். பதம்தான்யா எல்லாம்" என்றார். அப்படியேதான். கூழ் இறுகலாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அழுத்தம் கூடினால் ஊசிமுனையில் செல் நசுங்கிச் சாகும். ஊசி மெலிதானால் கோடு அழகாக விழும், ஆனால் சாவும் கூடும். கோடு கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் பரவாயில்லை, செல் பிழைக்கட்டும் என்று முடிவு செய்தோம். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் ஒளிரும் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பச்சைதான் அதிகம் என்று பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

ஜெலட்டின் குளிர்ச்சியில் கெட்டிப்படும், சூட்டில் நீராகும். சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றால் கூழும் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் அச்சடிக்கும் தேதியைக் குறிப்போம். இன்குபேட்டருக்கு யு.பி.எஸ். உண்டு, ஏ.சி.க்கு இல்லை. வெளியூரிலிருந்து வாங்கும் பொருள்களிலும் இதே சூட்டுத் தொல்லை. உறைந்த நிலையில் வர வேண்டிய வளர்ச்சிக் காரணி (செல்லைப் பெருகத் தூண்டும் புரதம்) ஒன்றை ஒரு கூரியர் நிறுவனம் சனி, ஞாயிறு முழுக்கக் கிடங்கிலேயே போட்டுவிட்டது, பெட்டியைத் திறந்தால் வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிலிருந்து குளிரில் வரும் எதையும் திங்கட்கிழமை கிளம்பும்படி மட்டுமே ஆர்டர் செய்தோம்.

முதலில் உள்தோல் அடுக்கு, ஃபைப்ரோபிளாஸ்ட் கலந்த கூழில். அதன்மேல் கால்சியம் குளோரைடும், ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக்கும் த்ராம்பின் நொதியும் ஊற்றினால் இறுகும். சதுரமாக அச்சடித்தது சில நாளில் ஓரம் மடங்கிச் சுருங்கத் தொடங்கியது. ஃபைப்ரோபிளாஸ்ட் சுற்றியிருக்கும் இழைகளைப் பிடித்து இழுக்கும், காயம் ஆறும்போது தோலை இழுத்து மூடுவதும் அதே குணத்தால்தான். செல்லின் எண்ணிக்கையைக் குறைத்து, சுற்றிலும் ஒரு சட்டம் வைத்து ஓரங்களைப் பிடித்த பிறகு சதுரம் சதுரமாக நின்றது.

அதன்மேல் கெரட்டினோசைட்டைப் பரப்பி, சில நாள் மீடியத்தில் மூழ்கவைத்து, பிறகு மேல்பக்கம் காற்றில் படும்படி உயர்த்திவிட வேண்டும். அடியிலிருந்து மட்டும் ஊட்டம். காற்றுப் பட்டதும் செல்கள் அடுக்கடுக்காக மேலேறித் தட்டையாகி, மேலே கடினமான உதிர்தோல் படலமாக மாறும். இதற்கு இரண்டு வாரம் போல ஆகும். தினமும் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பேன். ஈரப் பளபளப்பு மெல்ல மங்கி, மேற்பரப்பு வெண்மையாக, காய்ந்த மாதிரி ஆனால் சரியான வழியில் போகிறது என்று அர்த்தம். வெட்டிச் சாயமிட்டுப் பார்த்தபோது அடியில் நீளமான செல்கள் வரிசையாக நிற்க, மேலே போகப் போகத் தட்டையாகி, உச்சியில் உட்கரு இல்லாத செத்த செல்களாலான இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தது. வழிகாட்டிப் பேராசிரியரை உடனே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை.

உள்ளூரில் விஷயம் பரவியதும் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தேடி வந்தார். மகளுக்குக் கழுத்திலும் கையிலும் தீத்தழும்பு, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "தம்பி, அந்தத் தோலை எம்பொண்ணுக்கு வைக்க முடியுமா?" என்றார். முடியாது என்று மறைக்காமல் சொன்னேன். நாங்கள் வளர்த்ததில் ரத்தக் குழாய் இல்லை, மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. ரத்தக் குழாய் இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்துக்குத்தான் ஊட்டம் போகும், தடிமனாக வைத்தால் உள்ளே செத்துவிடும். ஒரு ஆளுக்கு வைப்பதற்கு முன் விலங்கில் சோதனை, பிறகு மருத்துவ அனுமதிகள் என்று நீண்ட தூரம் இருக்கிறது. ஆனால் தழும்பு இழுத்துக்கொண்டிருப்பதை விடுவிக்கும் அறுவை இன்றே இருக்கிறது. மதுரை அரசு மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவில் (பிளாஸ்டிக் சர்ஜரி) காட்டச் சொல்லி, நான் அறிந்த ஒரு மருத்துவரிடம் பேசியும் வைத்தேன். தோல் பற்றி ஆராய்கிறவர்களிடம் ஜனங்கள் நம்பிக்கையோடு வருவார்கள். இல்லாததைச் சொல்லி அனுப்பவே கூடாது.

இப்போதைக்கு இந்தத் தோல் உடனடியாகப் பயன்படுவது சோதனைகளுக்கு. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. களிம்பு தோலை அரிக்கிறதா என்பதை இப்படி வளர்த்த தோலில் பார்க்கலாம். எங்கள் ஆய்வகத்தில் அடுத்த கட்டமாக, ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களை உள்தோல் அடுக்கில் கலந்து அச்சடிக்கிறார்கள்.

சேர விரும்புகிறவர்கள் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிரின்டர் என்ன மாடல் என்று விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது, நெறிமுறை அனுமதி கையில் இருக்கிறதா, திரவ நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது, கரன்ட் போனால் எது எது ஓடும், கெரட்டினோசைட் வளர்த்துப் பழகிய சீனியர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னவர் இருந்தால் முதல் வருஷமே பாதி வேலை ஓடிவிடும்.