ஒபா கோசோ: மேளம் பேச வேண்டிய நாடகம்

நைஜீரியாவின் யொருபா மொழி இசை நாடகங்களில் ‘ஒபா கோசோ’வுக்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று தெரியவில்லை. டூரோ லாடிப்போ 1963-இல் ஒஷோக்போ நகரில் இதை மேடையேற்றி, ஷாங்கோ மன்னனாகத் தாமே நடித்தார். மறு ஆண்டு பெர்லினிலும் நடந்தது.

ஓயோ அரசன் ஷாங்கோவுக்குத் திமி, க்போன்கா என்ற தன் தளபதிகள் இருவர் மீதும் அச்சம். ஒருவரை ஒருவர் மீது ஏவுகிறான். க்போன்கா மந்திரம் சொல்லியே திமியைத் தூங்கவைத்துப் பிடிக்கிறான். அந்த இடத்தில் சொல்தான் ஆயுதம். அதனால் ஒரு சொல்கூட மங்கக் கூடாது.

யொருபாவில் மேல், நடு, கீழ் என 3 சுருதிகள். சுருதி மாறினால் பொருளும் மாறும். எனவே மெட்டை முதலில் போட்டுச் சொல்லை அதில் திணித்தால் பாட்டு உளறலாகிவிடும். முதலில் வசனமாகப் பேசிப் பழகி, அந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே மெட்டை எடுக்க வேண்டும்.

மேளமும் இப்படித்தான் பேசுகிறது. டுண்டுன் உடுக்கை போல இடை சிறுத்தது. இரு முகங்களையும் இணைக்கும் வாரை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வளைந்த குச்சியால் அடிப்பார்கள். ஆனால் சுருதியை மட்டும் கேட்டுப் புதிய வாக்கியத்தைப் புரிந்துகொள்வது கடினம், ஒரே ஏற்ற இறக்கத்தில் பல சொற்கள் உண்டு. கேட்டுப் பழகிய ஒரிக்கி எனும் புகழ்மொழிகளையும் பழமொழிகளையும் வாசித்தால்தான் சபைக்கு எட்டும். குடுகுடு என்ற சிறு மேளம் பேசாது. 2 தோல்பட்டைகளால் தாளத்தை விடாமல் பிடித்து நிற்கும்.

பாட்டா என்பது, இடி தெய்வமாகவும் வணங்கப்படும் ஷாங்கோவுக்கே உரிய இருமுக மேளம், அதைத் தவிர்க்கவே கூடாது. பெரிய முகத்தைக் கையாலும் சிறிய முகத்தைத் தோல்பட்டையாலும் அடிப்பார்கள். பெரிய முகத்தில் பூசும் கருப்புப் பசை உலர்ந்து உதிர்ந்தால் ஒலி கெட்டுவிடும்.

ஈரக் காற்றில் தோல் தளரும். அப்போது டுண்டுனில் மேல் சுருதி எட்டாமல் நடுவிலேயே நின்று, புகழ்மொழி வேறு சொல்லாகக் கேட்கும். லேசாகச் சூடு காட்டலாம். அதிகமானால் தோல் கிழியும். விளிம்பில் சலங்கை கட்டிய தலைமை டுண்டுனுக்கு மைக்கை மிக அருகில் வைத்தால் சலங்கைச் சத்தம் பேச்சை மூடிவிடும். மேளக்காரரை மேடைக்குக் கீழே உட்காரவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு: நடிகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்க்க முடியாவிட்டால் மேளக்காரரால் மேளத்தில் பதில் சொல்ல முடியாது. அவரை மன்னனுக்கு எதிரே, நகர்வதற்கு இடம் விட்டு நிறுத்துங்கள்.