கர்ரியோனில் ஓர் இரவு, மறுநாள் 17 கிலோமீட்டர்

ஸ்பெயினில் சாந்தியாகோ நகருக்கு நடந்து செல்லும் காமினோ யாத்திரைப் பாதையில், ஃப்ரோமிஸ்தாவிலிருந்து கர்ரியோன் தெ லோஸ் கோந்தேஸ் ஏறத்தாழ 19 கிலோமீட்டர், பெரும்பாலும் சாலையை ஒட்டிய மண்பாதை. காலையிலேயே கிளம்பினால் நண்பகல் வாக்கில் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து சாந்தியாகோவுக்கு இன்னும் சுமார் 400 கிலோமீட்டர் இருக்கிறது. கர்ரியோன் என்ற இந்தச் சின்ன ஊரில் முதல் வேலை கடைக்குப் போவது, அப்புறம்தான் குளியலும் துணி துவைப்பதும். பிற்பகல் 2 மணி வாக்கில் அடைக்கும் கடைகளை 5 மணிக்கு முன் திறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் மாலையிலும் திறப்பார்கள் என்று நம்ப முடியாது. சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

கர்ரியோனை விட்டால் அடுத்த ஊர் கல்சாதியா தெ லா குவேசாதான். இடைப்பட்ட 17 கிலோமீட்டரில் ஊரே கிடையாது, நிழலும் அரிது. கோடையில் நடுவழியில் வண்டிக்கடை போடுவதுண்டு, ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர், ஜூலை ஆகஸ்டில் 3 லிட்டர். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம். உப்பிட்ட கடலையோ ஆலிவ் காயோ கண்டிப்பாக வேண்டும்; வியர்வையில் போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுகட்டாது.

சாந்தா மரியா தேவாலயத்தை ஒட்டி அகஸ்டீனியக் கன்னியர் நடத்தும் யாத்ரீகர் விடுதி இருக்கிறது. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே படுக்கை. யாத்ரீகர் அட்டையைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். மாலையில் கன்னியர் கிடார் வாசித்துப் பாடுவார்கள், யாத்ரீகர்களும் அவரவர் மொழியில் பாடலாம். காமினோவில் தவறவிடக் கூடாத ஒரு மணிநேரம் இது.

அதற்கு முன் கர்ரியோனிலேயே இருக்கும் சாந்தியாகோ தேவாலய வாசலில் நின்று மேலே பாருங்கள். வளைவைச் சுற்றி 24 சிறு உருவங்கள். செருப்புத் தைப்பவர், இசைக்கலைஞர், உடலை வளைத்து ஆடுபவர் என்று 12ஆம் நூற்றாண்டின் தொழில்களும் கலைகளும் அங்கே நிற்கின்றன. நெப்போலியன் காலத்துப் போரில் தேவாலயம் எரிந்தும் இந்த முகப்பு தப்பியது. அந்தி வெயில் படும்போது கல்லின் மடிப்புகள் நன்றாகத் தெரியும்.

கோடையில் விடியுமுன் கிளம்புவது நல்லது. கர்ரியோன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சான் சோயிலோ மடம்; ஊர்ப்பெயரில் 'கோந்தேஸ்' என்று வரும் பிரபுக்களின் கல்லறைகள் உள்ளே இருக்கின்றன. முதல் சில கிலோமீட்டர் தார்ச்சாலை. பிறகு பழைய ரோமானியப் பாதையான வியா அகித்தானாவின் தடத்தில் சரளைக்கல் வழி, வளைவே இல்லாமல் போகிறது. கெட்டியான அந்தக் கல்லில் ஒரே மாதிரி அடிவைத்து நடப்பதால் பாதத்தில் சூடு ஏறி, ஈரமான காலுறைக்குள் கொப்புளம் வரும். எட்டாவது கிலோமீட்டரில் கட்டாயம் உட்காருங்கள். காலணியைக் கழற்றி, பாதம் நன்றாக உலர்ந்தபின் மாற்றுக் காலுறை போடுங்கள். நடப்பது மேற்கு நோக்கி என்பதால் காலை வெயில் முழுக்க முதுகுப்பக்கம்தான். முகத்துக்கு மட்டும் வெயில் தடுப்புக் களிம்பு பூசினால் பின்கழுத்தும் கெண்டைக்காலும் வெந்துபோகும்.

பையோடு நான்கு, நாலரை மணிநேரம் ஆகும். கடைசியில்தான் பலர் கலங்குகிறார்கள். 16 கிலோமீட்டர் ஆன பிறகும் முன்னே வயலும் வானமும் மட்டுமே. கல்சாதியா பள்ளத்தில் இருக்கிற ஊர்; வழி தவறவில்லை. மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே நடங்கள், சரிவு தொடங்கும் இடத்தில் கூரைகள் தெரியும்.