மரை ஏறிவிட்டால் லென்ஸ் சேர்ந்துவிடுமா?

ஜோர்க்கி, ஃபெட், கேனன், பழைய லைக்கா என்று ஏதாவது ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவங்களை ஒட்டவைத்து ஃபோகஸ் செய்வது) கைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு எந்த லென்ஸ் சேரும்?" என்பதுதான். தேடிப் பார்த்தால் "எம்39 லென்ஸ் எல்லாம் சேரும்", அதாவது 39 மி.மீ. திருகு மரை லென்ஸ் எல்லாம் சேரும் என்று பதில் கிடைக்கும். அது பாதிப் பதில். காசு போவது மீதிப் பாதியில்.

நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். பம்ப் ஷாஃப்ட், ஹவுசிங் எல்லாம் அளந்து, ஓகே, ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. அதனால் ஒரு லென்ஸைக் கையில் கொடுத்தால் முன்கண்ணாடியைப் பார்க்க மாட்டேன். திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் நன்றாகவே உதவுகிறது.

கோபியில் ஒரு தம்பி இருக்கிறார். அவருடைய அப்பிச்சி வைத்திருந்த ஜோர்க்கி-4 பரணில் கிடைத்தது, லென்ஸ் இல்லாமல் வெறும் உடல் மட்டும். ஆன்லைனில் ஒருவர் "ஜோர்க்கிக்குச் சேரும்" என்று சொல்லி ஒரு இண்டஸ்டார்-50 விற்றிருக்கிறார். முதல் ரோல் கழுவி வந்ததும் எனக்குப் போன். "ஏனுங்ணா, மரை சுத்தமா ஏறுதுங். ஆனா படம் பூரா மங்கலுங். ஷட்டர் போயிருச்சுங்களா?"

ஷட்டருக்கு ஒன்றும் இல்லை. லென்ஸ் வேறு கேமராவுக்குச் செய்தது.

கதை இதுதான். லைக்காவின் திருகு மரை 39 மி.மீ. விட்டம். 1932-ல் லைக்கா II ரேஞ்ச்ஃபைண்டரோடு வந்தது. அதைப் பார்த்து சோவியத்தில் கார்கிவ் நகரில் 1934-ல் ஃபெட் செய்தார்கள், கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1948-ல் ஜோர்க்கி. அதே ஆலை 1952-ல் ஜோர்க்கியின் உடலுக்குள் ஒரு கண்ணாடியை வைத்து ஜெனிட் என்று எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை அந்தக் கண்ணாடியில் பார்க்கும் கேமரா) செய்தது. மரையை மாற்றவில்லை, அதே 39. ஆனால் கண்ணாடி மேலெழ உள்ளே இடம் வேண்டுமே. அதனால் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் ரேஞ்ச்ஃபைண்டரில் 28.8 மி.மீ., ஜெனிட்டில் 45.2 மி.மீ. என்று ஆகிவிட்டது. வித்தியாசம் 16.4. ஒரு இன்ச் பைப் மரை எல்லா வால்விலும் ஏறும், அதற்காக எல்லா வால்வும் ஒரே வேலையா செய்யும்?

ஜெனிட் லென்ஸை ஜோர்க்கியில் மாட்டினால் அது ஃபிலிமுக்கு 16.4 மி.மீ. கூடுதலாக நெருங்கி உட்காரும். தூரத்து மலையும் சரி, பக்கத்து மாடும் சரி, எதுவுமே தெளிவாக விழாது. வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. மாற்றி, ஜோர்க்கி லென்ஸை ஜெனிட்டில் மாட்டினால் பூச்சி, பூ மாதிரி மிகப் பக்கத்தில் உள்ளது மட்டும் தெளியும்.

இண்டஸ்டார்-50 இரண்டு வகையிலும் வந்த லென்ஸ். முன்னால் இருந்து பார்த்தால் எழுத்துகூட ஒன்றுதான். தம்பி ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்தார். என்னுடைய இண்டஸ்டாரையும் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸின் பின்னால் மரைக்கு உள்ளே தனியாக ஒரு உலோக வளையம் இருக்கும். ஃபோகஸ் திருப்பும்போது அது உள்ளே போய் வெளியே வரும். கேமராவுக்குள் ஒரு கை அந்த வளையத்தின் மேல் சாய்ந்து நிற்கும், லைக்காவில் அதன் நுனியில் சின்ன உருளை, ஜோர்க்கியிலும் ஃபெட்டிலும் ஆப்பு வடிவ நாக்கு. வளையம் நகர்ந்தால் கை நகரும், கை நகர்ந்தால் வியூஃபைண்டர் நடுவில் தெரியும் இரண்டாவது உருவம் நகர்ந்து முதல் உருவத்தோடு ஒட்டும். ரேஞ்ச்ஃபைண்டரின் ஃபோகஸ் வித்தை அவ்வளவும் இந்த ஒரு வளையத்தில்தான். ஜெனிட் லென்ஸில் அதற்கு வேலையே இல்லை. உடம்பும் கட்டையாக, சப்பையாக இருக்கும்.

"அட, போட்டோவுல இதைக் காட்டவே இல்லைங்ணா" என்றார் தம்பி. காட்டமாட்டார்கள்.

மரை பற்றி ஒரு உபகதை. லைக்காவைச் செய்த லைட்ஸ், மைக்ராஸ்கோப் செய்து வந்த நிறுவனம். மைக்ராஸ்கோப் உலகத்தில் பிரிட்டிஷ் விட்வொர்த் மரைதான் வழக்கம். அதனால் ஜெர்மனியில் செய்த லைக்காவின் மரையும் இன்ச்சுக்கு 26 சுற்று, அதாவது பிட்ச் (ஒரு சுற்றுக்கு ஏறும் தூரம்) 0.977 மி.மீ. சோவியத்தில் செய்தது பெரும்பாலும் நேர் 1 மி.மீ. பிட்ச். பட்டறையில் இப்படி வந்தால் ரிஜெக்ட். இங்கே லென்ஸ் சில சுற்றுகள்தான் ஏறும் என்பதால் சுற்றுக்கு 0.023 மி.மீ. வித்தியாசம் பெரும்பாலும் தெரிவதில்லை. சில ஜோடிகள் கடைசிச் சுற்றில் இறுகும். அப்போது விட்டுவிட வேண்டும். இடுக்கி போடக் கூடாது.

மரையும் சரி, தூரமும் சரி, வளையமும் இருக்கிறது, அப்புறமும் ஒரு வம்பு உண்டு. அந்த வளையம் எவ்வளவு நகர்ந்தால் எத்தனை மீட்டர் என்பதற்கு லைக்கா வைத்துக்கொண்ட அளவு 51.6 மி.மீ. குவியத்தூரம். சோவியத்காரர்கள் ஜெர்மன் கான்டாக்ஸ் வழியில் போய் 52.4 வைத்தார்கள். "50 மி.மீ. லென்ஸ்" என்று எழுதியிருப்பது இரண்டிலுமே துல்லியமான 50 இல்லை. ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 90 மைக்ரான் வருகிறது. எஃப்/2-ல், அதாவது திறப்பு பெரிதாக இருக்கும்போது, இது படத்தில் தெரியும். உருவங்கள் ஒட்டியிருக்கும், கண் தெளிவாக இருக்காது. எஃப்/4-க்குப் போனால் மறைந்துவிடும். ஆகவே சோவியத் லென்ஸைச் சோவியத் உடலில் போடுங்கள், கவலையில்லை. லைக்காவிலோ கேனனிலோ ஜூபிடர்-3, ஜூபிடர்-9 போல முழுத் திறப்பில் எடுக்கவே வாங்கும் லென்ஸைப் போட்டு முகத்தைப் பக்கத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் திருத்தத் தெரிந்தவர் வேண்டும். ஜூபிடர்-12 போன்ற 35-க்கு இந்தத் தொல்லை குறைவு.

ஜூபிடர்-12 என்றதும் ஞாபகம் வருகிறது. அதன் பின்கண்ணாடி குமிழ் மாதிரி ஃபிலிம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டும்போது நேராகப் பிடிக்காவிட்டால் உரசும். அடாப்டர் போட்டு லைக்கா எம்5, சி.எல். இரண்டில் மாட்ட நினைத்தால் யோசிக்க வேண்டும், உள்ளே ஒளிமானியின் கை குறுக்கே வரும்.

கீவ் என்ற இன்னொரு சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் லென்ஸ்களிலும் "ஜூபிடர்-8" என்றே எழுதியிருக்கும். அது கான்டாக்ஸ் பயோனெட் (செருகித் திருப்பிப் பூட்டுவது), மரையே கிடையாது. விலை மலிவாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

லைக்கா எம் உடல் வைத்திருப்பவர்களுக்குத்தான் யோகம். 1954-ல் எம்3 வந்தபோது லென்ஸ் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தை 27.8 மி.மீ. ஆகக் குறைத்தார்கள், மரை லென்ஸைவிடச் சரியாக 1 மி.மீ. கம்மி. அந்த 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு வளையம் போட்டால் பழைய மரை லென்ஸ் எல்லாம் ஏறும், ஃபோகஸும் வேலை செய்யும். வளையம் வாங்கும்போது 28/90, 35/135, 50/75 என்று எது வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள், அதற்கு ஏற்றபடிதான் வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டம் (ஃப்ரேம்) தெரியும். எம் லென்ஸை மரை உடலில் மாட்ட வழியே இல்லை.

அடுத்தது சட்டம். எல்லோரும் மறப்பது இதைத்தான். எஸ்எல்ஆரில் லென்ஸ் மாறினால் காட்சி தானாக மாறும். இதில் மாறாது. ஜோர்க்கி-4 காட்டுவது 50 மட்டும். எம்3-ல் 50, 90, 135. கேனன் பி-யில் 35, 50, 100. ஜோர்க்கிக்கு 35 வாங்கினால் மேலே செருக ஒரு தனி ஃபைண்டரும் வாங்க வேண்டும், 28 முதல் 135 வரை சுழற்றிப் பார்க்கும் சோவியத் டரட் ஃபைண்டர் கிடைக்கும். லென்ஸ் விலையோடு அதையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும்.

வேக லென்ஸ், அதாவது பெரிதாகத் திறக்கும் லென்ஸ் மோகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப்/1.5 என்றால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சித்திரை மாத உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டு நின்றால் எஃப்/16-க்கு 1/500 நொடி. ஜோர்க்கியின் அதிகபட்சம் 1/1000, அதில் எஃப்/11 வரைதான் திறக்கலாம். எஃப்/2-ல் எடுக்க 1/32000 வேண்டும்! ஐஎஸ்ஓ 100 போட்டாலும் எஃப்/5.6-தான். ஆக, பாதிக் காசு கொடுத்த திறப்பைப் பகலில் தொடவே முடியாது.

அங்கே வேண்டியது வேறு. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் இரண்டு பேர், பின்னால் மயிலைக் காளை ஒன்று தலையை ஆட்டுகிறது. உருவத்தை ஒட்டவைத்துக்கொண்டு இருந்தால் பேரம் முடிந்துவிடும். 35 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து, ஃபோகஸை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து கடைசி வரை தெளிவு. பிறகு கண் மட்டும் வேலை செய்தால் போதும். 50-ல் இவ்வளவு தாராளம் கிடையாது, ஆனால் எஃப்/11-ல் சமாளிக்கலாம். வேக லென்ஸ் உதவுவது சென்னிமலையில் தறிக்கூடத்துக்குள், கோயில் பிரகாரத்தில், சாயங்காலம் டீக்கடையில். கண்ணாடி மேலெழும் அதிர்ச்சி இதில் இல்லாததால் எஃப்/2, 1/30-ல் கை நடுங்காமல் எடுத்துவிடலாம். ஜூபிடர்-8 அதற்குப் போதும், 1.5 தேவையில்லை என்பது என் கட்சி.

ஜோர்க்கி, ஃபெட் வைத்திருந்தால் முதல் லென்ஸ் இண்டஸ்டார்-61 எல்/டி, 55 மி.மீ., எஃப்/2.8. அதிலும் "எல்/டி" என்று இருக்க வேண்டும். "எல்/இசட்" என்றால் ஜெனிட் சங்கதி. கொஞ்சம் மென்மை பிடிக்குமென்றால் ஜூபிடர்-8. எதிர்வெயிலில் வெளுத்துப்போகும், ஹூட் கட்டாயம். எங்கள் பட்டறை லேத் அண்ணன் மிஞ்சிய அலுமினியத் துண்டில் எனக்கு ஒன்று கடைந்து கொடுத்தார், 40.5 மி.மீ. மரை போட்டு. அது இந்த இரண்டு லென்ஸுக்குமே ஏறும். கேனன் உடலுக்கு கேனன் 50 எஃப்/1.8, ஆனால் திறப்புத் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் மூட்டம் பிடிப்பது அதன் பிறவிக் குணம். சில சமயம் கண்ணாடியையே அரித்திருக்கும், துடைத்தால் போகாது. காசு இருந்தால் ஜப்பானில் கோசினா செய்த ஃபோக்ட்லெண்டர் மரை லென்ஸ்கள் பழசாகக் கிடைக்கும், 35 எஃப்/2.5 சின்னதாக, நல்லதாக இருக்கும்.

கோபித் தம்பி இண்டஸ்டார்-61 வாங்கிவிட்டார். ஜெனிட் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸில் மாட்டி, அதிலும் படம் எடுக்கிறார், வீணாகவில்லை. இப்போது 35 கேட்கிறார். முதலில் ஃபைண்டர் விலையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் சொன்னேன்: ஜோர்க்கியில் ஷட்டரை இழுத்து ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே கெட்டுப்போகும். லென்ஸுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எந்த லென்ஸ் வாங்கினாலும் அதை மாட்ட ஒரு உடல் வேண்டுமே.

விற்பவரிடம் பணம் அனுப்பும் முன் மூன்று படம் கேளுங்கள். ஒன்று, லென்ஸின் பின்பக்கம் நேராக, வளையம் தெரியும்படி. இரண்டு, ஃபோகஸை ஒரு மீட்டரில் வைத்து அதே பின்பக்கம், வளையம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க. மூன்று, திறப்பை முழுக்கத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்வாக எடுத்தது. பூஞ்சை இருந்தால் வேர் மாதிரி படர்ந்து தெரியும். வால்பாறைப் பக்கம் தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்த லென்ஸ் என்றால் மூன்றாவது படத்தை இரண்டு தடவை கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், இண்டஸ்டார்-61 ஒன்றும் கிடைக்காத பொருளில்லை.