ஊசி இல்லாத இன்சுலினும் ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வியும்

கும்பகோணம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் 500, காலையில் மட்டும் கூடவே ஒரு கிளிமிபிரைடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்த காரியம் எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று புரியும்.

போன ஆடி மாசம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். முன்பெஞ்சுப் பையன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போது ஏதோ ஆள்மேல் ஆள் சேர்த்து விற்கும் சங்கிலி வியாபாரத்தில் இருக்கிறானாம். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். "டீச்சர், இது கெமிக்கல் இல்ல. பாகற்காயிலேர்ந்து எடுத்த பெப்டைடு. ஊசி இல்லாத இன்சுலின்னே சொல்லலாம்." 60 கேப்சூல், 1,450 ரூபாய். கெமிக்கல் இல்லை என்று ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரிடமே சொல்கிறான், நானும் தலையாட்டுகிறேன்! படிக்க வைத்த பிள்ளை கொண்டுவந்து கொடுக்கிறானே என்று மனசு குளிர்ந்துவிட்டது. வேறென்ன சொல்ல?

கேப்சூலை மட்டும் விழுங்கியிருந்தால் காசோடு போயிருக்கும். ராத்திரி மெட்ஃபார்மினை நானாகவே நிறுத்திவிட்டேன். அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும்; அதிலிருந்து தப்பிக்க ஒரு சாக்கு கிடைத்தது. மூன்று மாசம் கழித்து எச்பிஏ1சி, அதாவது மூன்று மாசச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை பார்த்தால் 7.4 ஆக இருந்தது 8.6.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "பெப்டைடுன்னா அமினோ அமிலச் சங்கிலிதானே டீச்சர்? பருப்பு சாப்பிட்டா வயித்துல என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உயிரியல் மூலக்கூறுகள் பாடத்தில் நான் வருஷா வருஷம் கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி அது: இன்சுலினை ஏன் மாத்திரையாகக் கொடுப்பதில்லை? இரைப்பையில் பெப்சின், அதைத் தாண்டினால் சிறுகுடலில் டிரிப்சின் என்று செரிமான நொதிகள். பெப்டைடு பிணைப்பை வெட்டுவதுதான் அவற்றின் பிழைப்பு. அது இன்சுலினா, பாகற்காய் பெப்டைடா, பாசிப்பருப்பா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. 1922இல் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு பையனுக்கு ஊசியில் போனது இன்சுலின். 100 வருஷம் தாண்டியும் பெரும்பாலும் ஊசியில்தான் போகிறது. விழுங்கினால் வேலை செய்யும் என்றால் யார் தினமும் தொடையில் குத்திக்கொள்வார்கள்?

பாட்டிலோடு கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் '1981லேயே நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். பொய்யில்லை. கன்னா குழுவினர் பாகற்காயிலிருந்து பாலிபெப்டைடு-பி என்று ஒன்றைப் பிரித்தெடுத்து அந்த வருஷம் எழுதியிருக்கிறார்கள். ஜெர்பில் எலி, லங்கூர் குரங்கு, மனிதர் என்று மூன்றிலும் சர்க்கரையை நன்றாகவே இறக்கியிருக்கிறது. ஆனால் கொடுத்த விதம்? தோலுக்கடியில் ஊசியாக. அந்த ஒரு சொல் பிரசுரத்தில் மட்டும் காணாமல் போய்விட்டது.

இன்னொன்றும் உறுத்தியது. பழக்கதோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பாலிபெப்டைடு-பியில் 166 அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை குறைந்தபட்சம் 11,000 வாக்கில் என்று இருக்கிறது. சங்கிலியில் ஒரு அமினோ அமிலத்துக்குச் சராசரி எடை 110 என்று வைத்தால் 18,000க்கு மேல் வர வேண்டும். இன்சுலினுக்கு அதே கணக்கு: அதன் 51 அமினோ அமிலங்களை 110ஆல் பெருக்கினால் 5,610, உண்மை எடை 5,808. அங்கே பொருந்துகிறது, இங்கே இடிக்கிறது. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்.

பெப்டைடை விழுங்கவே முடியாதா என்றால், முடிகிறது, படாத பாடு பட்டு. சர்க்கரைக்கான செமாகுளுடைடு என்ற பெப்டைடு மருந்துக்கு மாத்திரை உண்டு. உறிஞ்ச உதவ அதோடு இன்னொரு பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். அப்படியும் ரத்தத்தில் சேருவது சுமார் 1 சதவீதம். ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம் போடும் இடத்தில், மாத்திரையில் தினம் 14 மில்லிகிராம் வரை போகிறது. நானோ கேப்சூலை இட்லிக்கு நடுவில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மனசு ஆறாமல் ஒரு வேலை பார்த்தேன். உரக்கடையில் மயில்துத்தம், சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து, பச்சை நிறம் போக வடிதாளில் இரண்டு தடவை வடிகட்டி, பையூரெட் சோதனை. புரதமோ பெப்டைடோ இருந்தால் ஊதா நிறம் காட்டும். கலங்கலாக லேசான ஊதா வந்தது. பக்கத்துக் கிளாஸில் பாசிப்பருப்பு ஊறிய தண்ணீர். அது அழகான கருஊதா. பருப்பு கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பாட்டிலின் அடியில் எறும்புக்கால் எழுத்தில், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

பாகற்காய்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெப்டைடு தவிர கரன்டின் போன்ற வேறு சரக்கும் அதில் உண்டு. ஆனால் 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 479 பேரின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரைக்கு அது உதவுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. "கிளிமிபிரைடு போடறப்போ ஜூஸா நிறைய குடிக்காதீங்க, சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கினா மயக்கம் வரும், குடிச்சா எங்கிட்ட சொல்லிடுங்க" என்றார் டாக்டரம்மா. வாரம் ஒருநாள் பிட்லை வைத்துச் சாப்பிடுகிறேன், ருசிக்காக. ராத்திரி மாத்திரை திரும்ப வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் அவ்வளவாகப் புரட்டவும் இல்லை.

போன வாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான், அடுத்த பாட்டிலோடு. காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "இன்சுலினை ஏன்டா மாத்திரையா குடுக்கறதில்ல?"

"புரதம் டீச்சர், வயித்துல செரிச்சுடும்." கண் இமைக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு.

அப்புறம் டம்ளரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "எங்க மீட்டிங்ல இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல டீச்சர்" என்றான்.